டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள்

ஆய்வகத்தின் உறைபெட்டியில், மேலிருந்து இரண்டாவது தட்டில், அவளுடைய அப்பாவின் வயிற்றிலிருந்து எடுத்த கிருமி இருந்தது. சுண்டுவிரல் உயரக் குப்பிகளில், பனி பிடித்த மூடிகளுக்கு அடியில், உயிரோடு உறைந்து கிடந்தது. அதற்கு முறைப்படி நீளமான ஓர் எண் உண்டு. ஆனால் யாரும் அந்த எண்ணைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது பெரியவர்தான். பெரியவரை வெளியே எடுத்தாயிற்றா என்று கேட்பார்கள். இந்தத் தடவை பெரியவர் நன்றாக வளர்ந்திருக்கிறார் என்பார்கள். ஒரு மனிதனின் வயிற்றில் பாதியைத் தின்ற பிராணிக்கு இவ்வளவு மரியாதை கூடாது என்று தோன்றினாலும் அவள் அதைத் திருத்தியதில்லை.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலமெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போவார். வாயு என்றார். வேளை தவறிச் சாப்பிடுவதால் வருவது என்றார். கடைசியில் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது, புண்ணாக இருந்தது புண்ணின் எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது. பாதி வயிற்றை எடுத்தார்கள். எடுத்ததில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது உடனே கையெழுத்துப் போட்டார். நான் ரிட்டயர் ஆனாலும் என் வயிறாவது வேலைக்குப் போகட்டும் என்று செவிலியிடம் சொன்னாராம். அந்தத் துண்டிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்த ஆய்வகத்தில் மகள் அப்போது மாணவி.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கும் தம்பிக்கும் அதே கிருமி இருந்தது. சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, வாய் வழியாகவும் கை வழியாகவும் வருவது என்று மருத்துவர் விளக்கினார். இருவரும் மாத்திரை சாப்பிட்டார்கள், போய்விட்டது. அப்பாவுக்கும் போய்விட்டது. ஆனாலும் அன்றிலிருந்து அவர் யாருடைய தட்டிலும் கை வைத்ததில்லை. பாதி வயிற்றுக்கு ஏற்றபடி பொழுதுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டியிருந்ததால், எங்கே போனாலும் ஒரு டப்பா கூடவே போகும். அதில் இரண்டு கரண்டிகள் இருக்கும். ஒன்று எடுக்க, ஒன்று சாப்பிட. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வார்.

கிருமியை அவர் பெரியவர் என்று சொல்ல மாட்டார். அவருக்கு அது டிக்கெட் இல்லாதவன்.

அவள் செய்துகொண்டிருந்தது அந்த டிக்கெட் இல்லாதவனை ஏறவிடாமல் தடுக்கும் மருந்து. ஊசி இல்லை, குடிக்கிற தடுப்பு மருந்து. குடலில் சாதுவாக வாழும் வேறொரு கிருமியை எடுத்து, அதன் முதுகில் பெரியவரின் அடையாளம் ஒன்றை ஏற்றியிருந்தார்கள். உயிருள்ள அந்தச் சாதுவை விழுங்கினால், உடம்பு அந்த அடையாளத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். பிறகு பெரியவரே வந்தாலும் வாசலிலேயே தடுத்துவிடும். சொல்வதற்குச் சுலபம். வயிற்று அமிலம் சாதுவைக் கொன்றுவிடக்கூடாது என்பதற்காக முதலில் எலிக்குச் சோடா உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வளைந்த மெல்லிய குழாயை எலியின் தொண்டைக்குள் இறக்கும்போதெல்லாம், ரயில் பெட்டிகளின் நடுவே அப்பா ஏப்பம் விட்டபடி நடப்பது அவள் நினைவுக்கு வரும்.

எலிகள் இருந்த அறையைக் கவனித்துக்கொண்டவருக்கு வார்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். விளக்கு அணைக்கும் நேரம், தீனி நேரம், யார் யாரோடு இருக்கலாம் என்பது எல்லாம் அவர் சட்டம். அவளைவிடச் சில வயது மூத்தவர். அவள் அவரை அண்ணா என்று அழைப்பாள். எலிகளைப் பற்றிப் பேசும்போது அவர் "பசங்க" என்பார். பசங்க நேத்து சரியா சாப்பிடல என்று அவர் சொல்வதைக் கேட்டு, புதிதாக வந்த கணக்காளர் ஒருவர் வார்டனுக்குப் பெரிய குடும்பம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

முந்தைய ஆண்டு அவள் காட்டிய முடிவை வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் ஏற்கவில்லை. மருந்து குடித்த எலிகள் ஒரு கூண்டிலும் குடிக்காதவை இன்னொரு கூண்டிலும் இருந்தன. ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு குணம் உண்டு, நீங்கள் பார்த்தது மருந்தின் வித்தியாசமா கூண்டின் வித்தியாசமா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. எனவே இம்முறை அவள் யாரும் குறை சொல்ல முடியாதபடி திட்டமிட்டாள். ஒவ்வொரு கூண்டிலும் பாதி எலிகள் மருந்து குடித்தவை, பாதி குடிக்காதவை. ஒரே மரத்தூள், ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம். எது எது என்று தெரிய காதோரத்தில் சின்ன வெட்டு.

வார்டன் முணுமுணுத்தார். கலப்பு ஹாஸ்டல் நடத்த எனக்கு மேலிடத்து அனுமதி இல்லை என்றார். பிறகு அவரே ஒவ்வொரு காதாகப் பார்த்துப் பிரித்து வைத்தார்.

எலிகள் விழுங்கிய மருந்து புழுக்கையோடு வெளியே வரும் என்பது அவளுக்குத் தெரியும். அது சீக்கிரத்தில் நின்றுவிடும் என்பதையும் முன்பே சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஆகவே மருந்து கொடுத்தவற்றைக் கொஞ்ச நாள் தனியே வைத்திருந்து, அதன் பிறகே மற்றவற்றோடு கலந்தாள். ஆனால் அந்தச் சோதனை பழைய மருந்தில் செய்தது. நடுவில் மருந்தை மேம்படுத்தியிருந்தார்கள், சாது குடலில் இன்னும் கொஞ்சம் நன்றாக ஒட்டிக்கொள்ளும்படி. மேம்படுத்தியதில் அவளுக்குப் பெருமை இருந்தது. பழைய சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை.

இது கடைசி வாய்ப்பு என்று துறைத்தலைவி சொல்லியிருந்தார். மேடம் கடுமையானவர் அல்ல. பக்கத்தில் நுரையீரல் நோய்க் குழுவுக்கு இடம் போதவில்லை, அவர்கள் கையில் முடிவுகள் இருந்தன, இவளிடம் இல்லை. இந்த எலிகளில் குடித்ததற்கும் குடிக்காததற்கும் வித்தியாசம் தெரிந்தால் அறை இவளுக்கு. தெரியாவிட்டால் அவர்களுக்கு. அதோடு மருந்தும் முடிந்தது.

எல்லா எலிகளுக்கும் பெரியவரைக் கொடுத்தார்கள். பல வாரங்கள் காத்திருந்தார்கள். பிறகு முதல் சில கூண்டுகளைத் திறந்து, அவற்றில் இருந்த ஒவ்வோர் எலியின் வயிற்றிலிருந்தும் ஒரு துணுக்கை எடுத்து மஞ்சள் நிறத் திரவத்தில் போட்டாள். பெரியவர் இருந்தால் மஞ்சள் மாறி இளஞ்சிவப்பாகும். குடிக்காத எலிகளின் குழாய்கள் சிவக்க வேண்டும், குடித்தவற்றின் குழாய்கள் மஞ்சளாகவே நிற்க வேண்டும். அவள் எதிரில் உட்கார்ந்தாள். மருந்து குடித்தவற்றின் வரிசை மஞ்சளாக இருந்தது. அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் எழுந்தது. பிறகு இன்னொரு வரிசையைப் பார்த்தாள். அதுவும் மஞ்சள். மதியம் கழிந்து வெயில் ஜன்னல் விளிம்பைத் தாண்டி மேசைக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லாக் குழாய்களும் எலுமிச்சை நிறத்தில் அழகாக இருந்தன. ஒன்றிரண்டு மட்டும் லேசாக வெட்கப்பட்டதுபோல் நிறம் மாறி, அதோடு நின்றுவிட்டன.

மேடம் வந்து பார்த்தார். பெரியவர் தளர்ந்துவிட்டார் என்றார். இத்தனை வருடம் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்ததில் கிருமி தன் வேகத்தை இழப்பது உண்டு. தொற்றவே சக்தியில்லாத கிருமியை வைத்து எந்த மருந்தையும் சோதிக்க முடியாது. புதிய கிருமியை எலிக்குப் பழக்கி எடுக்க நாளாகும். அதுவரை அறை காத்திருக்காது. தோளில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டித் துண்டு ஒன்றை வெகு பொறுமையாக மென்றுகொண்டிருந்தார். விழுங்கி முடித்த பிறகுதான் கேட்டார்.

"தளர்ந்துட்டானா? யாரு, அவனா?"

"அப்படித்தான் தெரியுதுப்பா."

"என் வயித்துல பாதிய முழுங்கினவன். ஒரு எலி வயித்துல உக்கார முடியலையாமா? ஆள மாத்திட்டீங்க போல. நல்லாப் பாரு."

மாற்றவில்லை, அவரேதான் என்றாள். அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. தன் சொந்தக்காரர் ஒருவரை யாரோ கையாலாகாதவர் என்று சொல்லிவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். டப்பாவை மூடினார், திரும்பத் திறந்து கரண்டிகள் தொடாமல் இருக்கின்றனவா என்று பார்த்தார். இத்தனை வருஷமாக நான் பட்டது ஒரு சோதாப் பயலிடமா என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அவள் எலி அறைக்குப் போனாள். சில கூண்டுகளை இன்னும் திறக்கவில்லை, அவற்றையும் முடித்து அறையைக் காலி செய்ய வேண்டும். வார்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையைக் கழுவினார். அவள் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுக் கூண்டின் முன் உட்கார்ந்தாள். செய்வதற்கு எதுவும் இல்லாமல் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காதில் வெட்டு இல்லாத ஓர் எலி, அதாவது மருந்து குடிக்காதது, மூலையில் ஒரு புழுக்கையை எடுத்தது. இரண்டு முன்கால்களிலும் பிடித்துக்கொண்டு, பிஸ்கட் கடிப்பதுபோல் சுற்றிச் சுற்றிக் கடித்துத் தின்றது. எலிகள் புழுக்கை தின்னும். எலியோடு வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவளும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை அந்தப் புழுக்கை யாருடையது என்று யோசித்தாள்.

எழுந்து, குடிக்காத எலி ஒன்றைத் தூக்கி, வெள்ளைத் தாளின் மேல் விட்டாள். அது பயத்தில் உடனே வேண்டியதைக் கொடுத்தது.

சாது மட்டுமே வளரக்கூடிய தட்டு ஒன்று இருந்தது. மற்ற கிருமிகளைக் கொல்லும் மருந்தைக் கலந்த தட்டு. அந்தப் புழுக்கையைக் கரைத்து அதில் பூசினாள். திறக்காத கூண்டுகளில் இருந்த, குடிக்காத எலிகள் எல்லாவற்றிடமிருந்தும் எடுத்துப் பூசினாள். அடுத்த நாள் தட்டுகளை வெளியே எடுத்தபோது, ஒரு துளிகூட மருந்து கொடுக்கப்படாத எலிகளின் தட்டுகளில் சாது வட்ட வட்டமாக, பால் சிந்தியதுபோல் வளர்ந்திருந்தது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. வார்டனிடம் போய், இந்த அறைப் பக்கமே வராத பசங்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அடுத்த கட்டிடத்தில் இருந்து அவர் ஒரு கூண்டு கொண்டுவந்தார். அவற்றுக்கு அதே குப்பியிலிருந்து பெரியவரைக் கொடுத்தாள். நுரையீரல் குழுவின் சாமான்கள் நடையில் வந்து இறங்க ஆரம்பித்திருந்தன. மேடத்திடம் கெஞ்சி ஒரு மூலையை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டாள். நாள் வந்ததும் துணுக்குகளை மஞ்சள் திரவத்தில் போட்டாள். இம்முறை உட்கார்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாக் குழாய்களும் சிவந்துவிட்டன.

பெரியவர் தளரவில்லை. மருந்துதான் கூண்டு முழுவதும் பரவியிருந்தது. குடித்த எலிகள் குடிக்காதவற்றுக்கும் கொடுத்திருந்தன. குறை சொல்ல முடியாதபடி அவள் போட்ட திட்டம், எல்லா எலிகளுக்கும் பாரபட்சமில்லாமல் மருந்து ஊட்டியிருந்தது.

மேடத்தின் அறையில் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வேலை செய்யுது," என்றார். "நாம நினைச்சதவிட நல்லாவே. அதுதான் இப்போ சிக்கல்."

சிக்கல் என்னவென்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் குடித்தால் வீட்டில் உள்ளவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும் உயிருள்ள மருந்து. அதைக் கேட்காதவர்களுக்கும் போகும். கர்ப்பிணிக்குப் போகும், பிறந்த குழந்தைக்குப் போகும், உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லாதவர்களுக்கும் போகும். பாதுகாப்புக் குழு இதை ஒரு நாளும் அனுமதிக்காது. மேடம் மெதுவாக ஒரு வழி சொன்னார். தனித்தனிக் கூண்டுகளில் இன்னொரு முறை செய்யலாம். முந்தைய நிபுணர்கள் கேட்டதற்கு வேறு விதமாகப் பதில் சொல்லிக்கொள்ளலாம். நிச்சயம் பளிச்சென்ற வித்தியாசம் வரும், அறை கையில் இருக்கும். பரவும் விஷயத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பொய் ஒன்றும் இல்லை, சொல்லும் வரிசைதான் மாறுகிறது.

"மேடம், இத எங்க வீட்டுல ஒருத்தர் குடிச்சா எங்கப்பாவுக்கும் போகும்."

"நான் இல்லன்னு சொல்லலையே."

"அவருக்கு இது தாங்குமான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

மேடம் மேசை மேல் இருந்த பேனாவை நேராக்கினார். யோசித்துச் சொல் என்றார். அவள் யோசித்தாள். பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அந்தக் கம்பியை அன்று எத்தனை கைகள் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அறையை இழக்கக்கூடாது என்ற ஆசை அவளுக்கு நிறைய இருந்தது. சிவந்த குழாய்களும் மஞ்சள் குழாய்களும் மாறி மாறிக் கண்ணில் நின்றன. மறுநாள் காலை இரண்டு முடிவுகளையும் சேர்த்தே பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினாள். மேடம் படித்துப் பார்த்துத் தானும் கீழே கையெழுத்துப் போட்டார்.

குழு நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முடிவுகளைப் பாராட்டியது. உயிருள்ள மருந்தின் வேலைகளை நிறுத்தச் சொன்னது. இருப்பில் உள்ளதை எல்லாம் அழிக்கச் சொன்னது. கொல்லப்பட்ட கிருமியை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் அதற்கு இந்த அறை கிடையாது. பெரியவர் விஷயத்தில் குழுவுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. அவ்வளவு வீரியமுள்ள கிருமி எங்களுக்கும் வேண்டும் என்று வேறு ஆய்வகங்களிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். அவர் இரண்டாவது தட்டிலேயே இருக்கலாம்.

சாதுவை அழிக்கிற நாளில் அவள் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாள். வெகு நாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார், இதற்குமேல் தள்ளிப்போட்டால் அவளுக்கென்று காட்ட ஓர் இடமும் இருக்காது. வாசலில் அவருக்கு வெள்ளை அங்கி கொடுத்தார்கள். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. சாப்பாட்டு டப்பாவை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும் என்றதும் தயங்கினார். வார்டன் வந்து அதை வாங்கி வைத்துக்கொண்டார். இவர்தான் ஹாஸ்டல் நடத்துகிறவரா என்று அப்பா விசாரித்தார். போன வாரத்தோடு மூடியாகிவிட்டது என்றார் வார்டன். பசங்க எல்லாரும் பாஸா என்று அப்பா கேட்டார். எல்லாரும் பாஸ், அதனால்தான் மூடிவிட்டார்கள் என்று வார்டன் சொன்னதும் அப்பாவுக்கு வார்டனைப் பிடித்துப்போனது.

நுண்ணோக்கியின் கீழே, விளிம்பு ஒட்டிய கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே, பெரியவர் உயிரோடு இருந்தார். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். முதலில் தன் இமை மயிர்தான் தெரிகிறது என்றார். அவள் திருகியைத் திருப்பினாள். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். சுருண்ட சின்னச் சின்னக் கோடுகள் திருகாணிபோலச் சுழன்று சுழன்று ஓடிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் முதுகு வளைந்து நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுறானே," என்றார் கடைசியில். "பரிசோதகரப் பாத்ததும் அடுத்த பெட்டிக்கு ஓடுவானுங்க, அதே ஓட்டம்."

"தளர்ந்துட்டான்னு சொன்னது தப்புதான்பா."

"நான்தான் சொன்னேன்ல." அவர் நிமிரவில்லை. "இன்னொருத்தன் எங்க? உன் ஆளு."

அவள் சுவரோரம் இருந்த எஃகுப் பாத்திரத்தைக் காட்டினாள். ஆளுயரத்தில் பாதி இருக்கும், பக்கத்தில் அழுத்தமானி. சாதுவின் குப்பிகள் எல்லாம் அதற்குள் நீராவியில் இருந்தன. முள் ஏறிக்கொண்டிருந்தது. என்ன நடந்தது என்பதை வீட்டிலேயே அவருக்குச் சொல்லியிருந்தாள். அவர் அந்த முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு பேரும் டிக்கெட் இல்லாம ஏறினவங்கதான்," என்றார். "நல்லவனப் புடிச்சு எறக்கி விட்டுட்டு, கெட்டவனுக்கு சீட்டு குடுத்து உக்கார வச்சிருக்கீங்க."

"அவன் யாரையும் கேக்காம ஏறுறான்பா. கைக்குழந்தைன்னுகூடப் பாக்க மாட்டான்."

"ஏறிட்டுப் போறான். ஒருத்தருக்கு நல்லது பண்ணத்தான ஏறுறான்?"

"நீங்களா இதச் சொல்றீங்க?"

"வேலையில இருந்திருந்தா சொல்ல மாட்டேன்." அவர் அங்கியின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். "ரிட்டயர் ஆனவன் எது வேணா பேசலாம்."

பாத்திரம் நீண்ட பெருமூச்சாக நீராவியை வெளியே விட்டது. அப்பா லேசாகத் திடுக்கிட்டார். அவள் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்து, கண்ணாடித் துண்டைக் கழிவுப் பெட்டியில் போட்டாள். நடையில் நுரையீரல் குழுவின் ஆட்கள் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கதவு அகலம் போதுமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள்.

கட்டிடத்துக்கு வெளியே சிமெண்டு பெஞ்சு ஒன்று இருந்தது. அவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டிருந்தது. வார்டன் திருப்பிக் கொடுத்த டப்பாவை மடியில் வைத்துத் திறந்தார். வேகவைத்த முட்டையும் இரண்டு துண்டு ரொட்டியும் இருந்தன. அவள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கொல்லப்பட்ட கிருமியை வைத்து ஆரம்பித்தால் எவ்வளவு காலம் ஆகும் என்று மட்டும் கேட்டார். ரொம்ப காலம் ஆகும் என்றாள். எவ்வளவு ரொம்ப என்றார். நீங்கள் இதே டப்பாவைத் தூக்கிக்கொண்டு இன்னும் பல தடவை இங்கே வரவேண்டியிருக்கும் என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். எடுக்கிற கரண்டியின் விளிம்பால் முட்டையை நடுவே வெட்டி, அதன் மேல் விரல் படாமல், பாதியை மூடியில் தள்ளி அவள் பக்கம் நகர்த்தினார். அந்தக் கரண்டியைத் துடைத்துத் தனியே வைத்துவிட்டு, தன் பாதிக்கு மற்ற கரண்டியை எடுத்தார்.